குடத்து நீரும் ஆற்று நீரும்

கண்டி எசல பெரஹரா ஊர்வலங்களின் முடிவில், கெட்டம்பேயில் மகாவலி கங்கைக்குள் படகு இறங்கும். நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் பூசகர்களான கப்புறாளைமார் வாளால் நீரை வெட்டி, வெட்டிய இடத்தில் குடங்களை நிரப்புவர். அந்த நீர் ஓராண்டு தேவாலயத்தில் இருக்கும். மறு ஆண்டு அதை ஆற்றிலேயே ஊற்றிவிட்டுத்தான் புதுநீர் எடுப்பார்கள். இத்தனை கவனத்தோடு காக்கப்படுவது குடத்து நீர் மட்டும்தானா, அது வந்த ஆறும் சேர்த்தா?

தீர்த்தத்தைக் கிருமிக் கணக்கால் அளக்கக் கூடாது, அதன் தூய்மை பக்தியில் இருக்கிறது என்பார்கள். மதிக்க வேண்டிய வாதம்தான். ஆனால் புனிதத்துக்கு உருவமாக நீரைத் தேர்ந்ததே அது அழுக்கைக் கழுவி, தாகம் தீர்த்து, உயிர் வளர்ப்பதால்தான். அந்தக் குணம் கெட்டுப்போனால் சடங்கு எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்? பௌத்த மரபும் இதை வேறொரு வழியில் சொல்கிறது. பிக்குவுக்குரிய எட்டுப் பொருட்களில் ஒன்று பெரஹன்கட, அதாவது நீர் வடிகட்டும் துணி. உயிர்கள் இருப்பது தெரிந்தும் அந்த நீரைப் பருகுவது பிக்குகளின் ஒழுக்க விதியான விநயப்படி குற்றம். குடிப்பவரின் உடல்நலத்துக்காக வந்த விதியல்ல இது. நீரில் வாழும் சிற்றுயிர்களுக்காக வந்தது. ஆயினும் கையில் ஏந்திய நீருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதை அது ஒழுக்கத்தின் பகுதியாக்கிவிட்டது. பாராமல் வணங்கினால் போதும் என்று அந்த மரபு சொல்லவில்லை.

ஓடும் ஆறு தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் என்பது இன்னொரு சமாதானம். வெயிலும் காற்றும் ஓட்டமும் ஓரளவு அழுக்கைத் தீர்க்கும், உண்மை. ஆனால் கண்டி வாவியிலிருந்து புறப்படும் மெத எல என்ற கால்வாய் நகரத்துக் கழிவையும் சுமந்துகொண்டு இதே மகாவலியில்தான் கலக்கிறது. நகரத்தார் குடிப்பதும் இதே ஆற்றைத்தான். கால்வாய்த் துப்புரவு மாநகர சபையின் வேலை, சமயத்துக்கு அதில் என்ன என்று கேட்கலாம். ஓராண்டு காத்த நீரையே ஆற்றுக்குத் திருப்பித் தரவேண்டும் என்று விதித்த சமயம், அதே ஆற்றுக்கு நாம் அன்றாடம் திருப்பித் தருவது எது என்று கேட்காமல் இருக்க முடியாது. யானைகளுக்கு அணிபூட்டுவதைப் போலவே, படகு இறங்குமுன் மெத எலவைத் துப்புரவாக்குவதும் பெரஹராவின் ஆயத்தங்களில் ஒன்றாக வேண்டும்.