சுங்கச் சாவடியில் ஒரு சொல்

ஸ்பானிய மொழியில் 'தெரேச்சோ' என்றொரு சொல் உண்டு. உரிமை என்பது அதன் பொருள். சட்டம் என்பதும் அதன் பொருளே. மனித உரிமைகளைக் குறிக்கவும், பல்கலைக்கழகத்தில் சட்டத்துறைப் பாடத்தைக் குறிக்கவும் இதுவே வழங்குகிறது. துறைமுகத்தில் வந்திறங்கும் பண்டத்துக்கு அரசு அறவிடும் பணத்தையும் இச்சொல்லின் பன்மையால் 'தெரேச்சோஸ் தே அதுவானா' என்கிறார்கள். அதனை ஆங்கிலத்துக்குக் கொண்டுவருபவன் 'கஸ்டம்ஸ் டியூட்டி' என எழுதுகிறான். 'டியூட்டி' என்றால் கடமை. ஒரு மொழியில் உரிமையாயிருந்தது மறுகரையில் கடமையாகிவிடுகிறது. இது பிழையன்று, இதைவிடச் சரியான சொல் ஆங்கிலத்தில் இல்லை. ஆயினும், வாங்குபவனின் பக்கம் நின்று பேசிய சொல் இப்போது கொடுப்பவனின் தோளில் கைவைத்துப் பேசுகிறது.

அரபு தெரிந்தவர்களுக்கு இது அத்தனை புதுமையாய்ப் படாது. 'ஹக்' என்ற சொல்லுக்குள் இரண்டும் அடக்கம். ஒருவனுடைய ஹக் இன்னொருவன் மீதுள்ள கடன். ஸகாத் ஏழையின் பக்கமிருந்து பார்த்தால் ஹக். செல்வந்தனின் பக்கமிருந்து பார்த்தால் பர்ளு. பணம் ஒன்றுதான்.

அந்தச் சாவடியின் சொற்கள் பல நம்முடைய உறவுக்காரர்கள் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. சுங்கத்தைக் குறிக்கும் 'அதுவானா' அந்தலூஸிய அரபின் 'தீவான்' வழி வந்தது. அதே தீவான்தான் தமிழில் திவானாக உலவுகிறது. 'தரிஃபா' என்பது 'தஃரீஃபா'. மத்ரஸாவில் ஓதியவர்கள் 'தஃரீஃப்' என்பதை வரைவிலக்கணம் என்று அறிவார்கள். அறியச் செய்தல் என்பது அதன் வேர்ப்பொருள். இத்தாலிய மொழியூடாக ஆங்கிலத்துக்குப் போய் 'டரிஃப்' ஆனதும் அதுவே. (710இல் தரீஃப் கரையிறங்கிய தரிஃபா என்ற ஊரிலிருந்து இச்சொல் பிறந்தது என்றொரு கதை உண்டு. ஊருக்கு அவர் பெயர் வந்தது உண்மை. சொல் வந்த வழி வேறு.) வரியை முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் வாங்கவேண்டும் என்ற நீதி அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அறிவிக்காமல் வாங்குவதை வேறு பெயரால் அழைக்கவேண்டும்.

கவிதையை மொழிபெயர்ப்பவனுக்குள்ள சுதந்திரம் தீர்வை அட்டவணையை மொழிபெயர்ப்பவனுக்கு இல்லை. 1988 முதல் நடைமுறையிலுள்ள உலகப் பொதுப் பண்டப் பகுப்பு முறையில் முதல் ஆறு இலக்கங்கள் எங்கும் ஒன்றே. அதன் மூலப் பிரதிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும். ஸ்பானியப் பிரதி அவற்றிலிருந்து பெயர்க்கப்பட்டது. ஆகவே, ஸ்பானியத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வருபவன் புதிதாய் ஒன்றையும் ஆக்குவதில்லை. வெளியூர் போன சொல்லை வீட்டுக்கு அழைத்துவருகிறான். 'பர்த்திதா' என்பதற்கு அகராதி புறப்பாடு என்னும், ஒரு ஆட்டம் என்னும், கணக்குப் பதிவு என்னும். சுங்கத்தில் அது நான்கு இலக்கத் 'தலைப்பு' மட்டுமே. அகராதியை மூடிவிட்டு இலக்கத்தைப் பார்க்கத் தெரிந்தவனே இங்கு மொழிபெயர்ப்பாளன்.

ஆனால், வியாபாரி அட்டவணையின் மொழியில் எழுதுவதில்லை, தன் ஊர் மொழியில் எழுதுகிறான். 'பிளாத்தனோ' என்று ஒரு ஸ்பெயின்காரர் எழுதினால் அது உரித்துத் தின்னும் வாழைப்பழம். கொலம்பியாக்காரர் எழுதினால் அது சமைக்கும் வாழைக்காய். பழத்துக்கு அவர் 'பனானோ' என்பார். 2012 முதல் இவ்விரண்டுக்கும் தனித்தனி உபதலைப்பு: வாழைக்காய் 0803.10, மற்றையது 0803.90. சொல்லைப் பெயர்ப்பதற்கு முன் சொன்னவன் எந்த ஊரான் என்று கேட்கவேண்டியிருக்கிறது.

நமது மண்ணோடு தொடர்புள்ள ஒன்றையும் சொல்லவேண்டும். 'கனேலா' என்றால் கறுவா. இலங்கைக் கறுவாவை அதிகம் வாங்கும் நாடு மெக்சிக்கோ. அங்கே கனேலா என்றால் இந்த மெல்லிய பட்டைதான் நினைவுக்கு வரும். ஐக்கிய அமெரிக்காவிலோ 'சினமன்' என்ற பெயரில் பெரும்பாலும் விற்பனையாவது இந்தோனேசியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வரும் தடித்த கசியாப் பட்டை. கனேலாவைச் சினமன் என்று பெயர்த்தால் அகராதிப்படி சரி, பண்டப்படி மூடுபனி. 2007இல் பகுப்பு முறை இதைப் பிரித்தது. 0906.11 என்பதன் கீழ் 'சினமோமம் சைலானிக்கம்' என்ற இலத்தீன் பெயரோடு நமது கறுவா இருக்கிறது. கசியா 'ஏனையவை' என்ற 0906.19இல் ஒதுங்கிற்று. ஸ்பானியத்தில் இந்த ஏனையவைக்கு 'லாஸ் தெமாஸ்' என்று பெயர். பெயர் சொல்லப்படாமல் 'ஏனைய' என்ற கட்டத்துக்குள் நிறுத்தப்படுவது எப்படியிருக்கும் என்பது பண்டங்களுக்குத் தெரியாது, மனிதர்களுக்குத் தெரியும்.

இப்போது ஒரு சங்கடம். இன்வொய்ஸில் 'கனேலா' என்று மட்டும் இருக்கிறது. இரண்டு உபதலைப்புக்கும் தீர்வை வீதம் வேறான ஒரு நாட்டுக்கு அது போகிறது எனக் கொள்வோம். வேலை தந்தவர், "குறைந்த வீதத்துக்குரிய சொல்லைப் போடுங்கள், இரண்டும் அகராதியில் இருக்கிறதுதானே" என்கிறார். இருக்கிறதுதான். அகராதியில் இருப்பதால் அது பொய்யாகாது என்பது அவர் வாதம். எனக்கு அது ஏற்புடையதல்ல. இரு பொருளுள்ள சொல்லில் இலாபமான பொருளைத் தெரிவது, அளவு குறைந்த படிக்கல்லை அறிந்தே தராசில் வைப்பது போன்றது. அதற்காக, நேர்மை என்ற பெயரில் கூடிய வீதத்தைத் தானாகத் தெரிவதும் அமானிதமாகாது. அதனால் நட்டப்படுபவன் எங்கோ ஒரு சிறு வியாபாரியாக இருக்கலாம். மூலத்தில் இல்லாத இலத்தீன் பெயரைத் தன் ஊகத்தால் சேர்ப்பதற்கும் அவனுக்கு அதிகாரமில்லை.

எந்தப் பட்டை என்று அனுப்பியவரிடம் கேட்டு எழுதலாம். பதில் வரும்வரை அந்த ஒரு வரியை வெறுமையாய் விட்டுவைக்கலாம். கப்பல் காத்திருக்காது என்பார்கள்.