பல்லில் பதிந்த தண்ணீர்

சொத்தையின் தொடக்கத்தைத் தேடும் பல் மருத்துவர் முதலில் பல்லைக் காற்றடித்து உலர்த்துவார். எச்சில் ஈரத்தில் குறையே தெரியாத இடத்தில், சில விநாடிகளில் சுண்ணாம்பு வெள்ளையாக ஒரு புள்ளி எழும். எனாமலின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.62, தண்ணீருக்கு 1.33; காற்றுக்கு 1. தாது கரைந்த நுண்துளைகளில் நீர் இருக்கும்வரை ஒளி பெரிதாகச் சிதறாது. காற்று புகுந்ததும் சிதறி வெளுக்கும்.

கருவிகள் இன்னும் கூர்மையானவை. 405 நானோமீட்டர் ஊதா ஒளியை வீசி வடிகட்டி வழியே பார்த்தால் நல்ல பல் பச்சையாக ஒளிரும், தாது குறைந்த இடம் இருண்டு நிற்கும். 1,310 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிர் நல்ல எனாமலைத் தடையின்றிக் கடந்துவிடும். பழுதான இடம்தான் அதை மறிக்கும். எக்ஸ்ரேயில் தெரிவதற்குள் தாது கணிசமாகப் போய்விடும். ஒளி முந்திக்கொள்கிறது. அந்தக் கட்டத்தில் பல்லைக் குடைய வேண்டியதில்லை. எச்சிலும் ஃபுளோரைடும் சேர்ந்து இழந்த தாதுவை ஓரளவு மீட்டுத் தரும்.

அதே ஃபுளோரைடு தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைப் பல இடங்களில் தாண்டுகிறது. தாடைக்குள் பல் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைக்கு எனாமல் முதிராமலே முளைக்கிறது. கேமராவில் இதுவும் வெள்ளைதான், முற்றினால் பழுப்பு.

எனாமலைக் கட்டிய செல்கள் பல் முளைத்ததும் மறைந்துவிடுகின்றன. எலும்பைப்போல் அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளாது. பிறந்த வேளையின் அதிர்வுகூடப் பால்பல்லில் மெல்லிய கோடாகத் தங்கியிருக்கும். அம்மாவுக்கே மறந்துபோன கடுங்காய்ச்சல் ஒரு பள்ளமாக நிற்கலாம்.

அப்படியிருக்க, திரையில் வெள்ளையைக் கண்டதும் "ஒழுங்காப் பல்லு வெளக்குறதில்லையா?" என்று பிள்ளையைக் கேட்பது அநியாயம். பேச்சு வருவதற்கு முன்பிருந்தே குடித்த தண்ணீருக்கு அது என்ன பதில் சொல்லும்? கருவி குறையின் ஆழத்தை அளக்கும். காரணத்தை நாம்தான் கேட்டறிய வேண்டும். ஒரு வகுப்பில் பல பிள்ளைகளுக்கு இடமும் வலமும் ஒரே மாதிரி வெளுத்திருந்தால், ஊரையே நோயாளியாகப் பார்க்க வேண்டும்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களுக்குக் கொண்டுவரத் தொடங்கியது. அந்த நீரையே குடித்து வளரும் பிள்ளையின் நிலைப்பற்கள் தெளிவாக முளைக்க வழி இருக்கிறது. பள்ளிக்கு வந்து பல்லைப் படம் எடுக்கும் குழு, எந்தத் தெருவில் இன்னும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்றும் விசாரித்து எழுதிக்கொண்டு போகட்டும்.