அயல் வீட்டு அழுகுரலும் எமது அறமும்

ஊரிலே ஒரு வாள்வெட்டோ கொலையோ நடந்துவிட்டால் நாம் எல்லோரும் பதறிப் போகின்றோம். பத்திரிகையில் தேடி வாசிக்கின்றோம். சந்தியிலே நின்று, "காலம் கெட்டுப் போச்சு" என்று பெருமூச்சு விடுகின்றோம். ஆனால் வேலிக்கு அப்பால் ஒரு பெண் அடிவாங்கி அழும்போது எமக்கு அந்தப் பதற்றம் வருவதில்லை. இது ஏன் என்பதைச் சிறிது சிந்திப்போம்.

உலக சுகாதார நிறுவனம் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையொன்றில் வன்முறையை மூன்று பெரும் பிரிவுகளாக வகுத்தது. ஒருவர் தமக்குத் தாமே இழைப்பது, ஒருவர் மற்றவருக்கு இழைப்பது, கூட்டாக இழைக்கப்படுவது என்பனவே அவை. மூன்றாவதை எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1983 முதல் 2009 வரையான போரைக் கண்டவர்கள் நாம். அத்தனை அழிவைக் கண்டதனாலோ என்னவோ, மனைவியை அடிப்பதும், பிள்ளைக்குச் சூடு வைப்பதும், வயோதிபத் தாயைத் தள்ளி விழுத்துவதும் எமக்கு வன்முறையாகவே தெரிவதில்லை. "அடியாத மாடு படியாது" என்று அதற்கு ஒரு பழமொழியும் வைத்திருக்கின்றோம்.

திருக்குறளின் அதிகார வரிசையைக் கவனியுங்கள். 31ஆவது வெகுளாமை, 32ஆவது இன்னா செய்யாமை, 33ஆவது கொல்லாமை. கோபம், அதன்பின் தீங்கு, அதன்பின் கொலை என்று இவ்வரிசையைப் படிப்பது எனக்குப் பொருத்தமாகப்படுகின்றது. மூன்றாவது படியில் நிற்பவனைக் கண்டு பதறுகின்ற நாம், அவன் முதலிரண்டு படிகளில் ஏறும்போது பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்? இவை துறவறவியலில் உள்ளவை, இல்லறத்தானுக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். துறவிக்கு அடிப்பதற்கு மனைவியுமில்லை, பிள்ளையுமில்லை. ஆகவே இவ்வறம் அதிகம் தேவைப்படுவது இல்லறத்தானுக்கே.

அடிப்பவன் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. கேட்டும் கேளாதவன்போல் இருப்பவனின் நிலை என்ன? இக்கேள்வியை நான் பிறரிடம் கேட்கவில்லை. என்னிடமே கேட்கின்றேன்.

அரச சேவையில் இளம் எழுதுவினைஞராகச் சேர்ந்த காலத்தில் வேறோர் ஊரில் ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். அயல் வீட்டுக்காரர் பகலில் மரியாதையான மனிதர். இரவில் குடித்துவிட்டு மனைவியை அடிப்பார். சத்தம் கேட்டால் நான் வானொலியைக் கூட்டி வைப்பேன். ஒருநாள் காலையில் அப்பெண்ணின் கன்னம் வீங்கியிருந்தது. நான் கேளாமலே, "கிணத்தடியிலை வழுக்கி விழுந்திட்டன் அண்ணை" என்றார். "மருந்து போடுங்கோ தங்கச்சி" என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குப் போய்விட்டேன். அவர் சொன்னது பொய் என்பது இருவருக்கும் தெரியும். அப்பொய்யை ஏற்றுக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. சில மாதங்களின் பின் ஒரு நள்ளிரவில் கை முறிந்த நிலையில் அவரை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றார்கள். அக்கையை நான் முறிக்கவில்லை. ஆனால், "இந்த ஒழுங்கையில் கேட்பதற்கு ஒருவருமில்லை" என்ற துணிவை அம்மனிதருக்குக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். இது இன்றுவரை என் மனதை உறுத்துகின்றது.

"கணவன் மனைவிக்கிடையில் நாம் தலையிடலாமா?" என்று கேட்பீர்கள். சச்சரவு வேறு, வன்முறை வேறு. சச்சரவில் இருவரும் வாய் திறந்து பேசுவர். வன்முறையில் ஒருவர் பயந்து ஒடுங்கிப் போவார். அந்தப் பயத்தைக் கண்டபின் அதனைக் குடும்ப விடயம் என்று ஒதுக்குவது நாகரிகமன்று.

நாட்டின் சட்டமும் அதனை வெறும் குடும்ப விடயமாக விட்டுவிடவில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரோ நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அது 12 மாதங்கள் வரை செல்லுபடியாகும். மனைவிக்கு மாத்திரமன்றிப் பெற்றோர், பிள்ளைகள், சகோதரர்களுக்கும் இச்சட்டம் பாதுகாப்பளிக்கின்றது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019ஆம் ஆண்டில் நடத்திய ஆய்வின்படி, மணவாழ்வையோ துணைவாழ்வையோ கண்ட பெண்களில் ஐவரில் ஒருவர் தமது வாழ்நாளில் துணைவரால் உடல் ரீதியான அல்லது பாலியல் ரீதியான வன்முறைக்கு உள்ளாகியிருக்கின்றார். எமது ஒழுங்கையில் எத்தனை வீடுகள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள்.

நாம் செய்யக்கூடியவை பெரிய காரியங்களல்ல. சத்தம் கேட்டால் நாலுபேராகப் படலையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடலாம். மறுநாள் அப்பெண்ணைத் தனியே கண்டு, "நாங்கள் இருக்கிறம் பிள்ளை" என்று சொல்லலாம். அவருடைய விருப்பத்தை அறியாமல் கணவனிடம் போய் விசாரித்தால் அடி இரட்டிப்பாகும். ஆகவே நிதானம் வேண்டும். மகளிருக்கான 1938 என்ற உதவி இலக்கத்தை அவருக்குக் கொடுக்கலாம். உயிருக்கு ஆபத்தென்றால் தாமதியாது 119க்கு அறிவிக்க வேண்டும். "பொறுத்துப் போ பிள்ளை" என்று மாத்திரம் சொல்லாதிருப்போமாக. பொறுமை என்னும் உபதேசத்தை அடிப்பவனுக்கல்லவா முதலில் சொல்ல வேண்டும்?

சைவம் கூறும் எட்டு அகமலர்களுள் முதலாவது கொல்லாமை, எட்டாவது அன்பு. பூந்தட்டேந்தி வருகின்ற கை வீட்டிலே ஓங்கிய கையாக இருந்தால் அம்மலர்கள் எவ்வாறு அம்பாளின் திருவடியைச் சேரும்? கேட்டும் கேளாதிருந்த காதுகளுக்கும் இது பொருந்தும். இன்றிரவு அயலில் ஓர் அழுகுரல் கேட்டால், வானொலியைக் கூட்டாமல் எழுந்து படலையைத் திறக்கும் மனத்துணிவை அன்னை எம் அனைவருக்கும் அருள்வாளாக.