அன்னையின் திருமுகம்: சாயலும் உண்மையும்

இயேசுவின் தாயாகிய மரியாள் யூதப் பெண். அவளது முகச்சாயல் எத்தகையதென எவரும் அறியார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே புனித அகஸ்தீனார் இதனை ஒப்புக்கொண்டுள்ளார். ஆயினும் இத்தாலிய ஓவியர் அவளை இத்தாலியப் பெண்ணாகவும், எதியோப்பிய ஓவியர் எதியோப்பியப் பெண்ணாகவும் தீட்டினர். காணாத முகத்தைத் தத்தம் இனத்தின் முகமாகத் தீட்டி வணங்குதல் பொய்மையாகாதா என்னும் வினா எழுதல் இயல்பே.

படிமத்துக்குச் செய்யும் வணக்கம் அப்படிமம் சுட்டுபவரையே சென்றடையும் என்பது 787 இல் கூடிய இரண்டாம் நீசேயாச் சங்கத்தின் முடிபாகும். ஆனால், சாயலே அறியப்படாதவிடத்துப் படிமம் தன் மூலத்தைச் சுட்டுவது எங்ஙனம்? யப்பானிய வரலாற்றில் இதற்கு விடை உண்டு.

1614 இல் யப்பானிய ஆட்சியாளர் கிறித்தவத்தை நாடெங்கும் தடைசெய்தனர். பின்னர் நாகசாகிப் பகுதி மக்கள் இயேசுவின் அல்லது மரியாளின் உருவம் பொறித்த தகட்டைக் காலால் மிதிக்குமாறு பணிக்கப்பட்டனர். உயிருக்கஞ்சி மிதித்த அடியார் வீடு திரும்பி மன்னிப்பு வேண்டி மன்றாடினர். அவர்களுட் பலர், சீனத்து வெண்பீங்கானில் வடித்த கன்னோன் சிலைகளை மரியாளெனக் கொண்டு மறைவில் வழிபட்டனர். கன்னோன் என்பது பௌத்தரின் கருணை வடிவாகிய அவலோகிதேசுவரர் கீழைத்தேயத்திற் பெற்ற பெயர். அங்கு அவ்வடிவம் குழந்தையை ஏந்திய பெண்ணாகவும் வடிக்கப்பட்டது.

1865 இல் நாகசாகியில் எழுந்த புதிய தேவாலயத்துக்கு உரகாமி ஊரார் சிலர் வந்து, மரியாளின் சிலை எங்கேயெனப் பெத்திஜான் என்ற பிரெஞ்சுக் குருவிடம் வினவினர். அவர்களுக்குக் காட்டப்பட்டதோ பிரான்சிலிருந்து கொணரப்பட்ட, ஐரோப்பிய முகங்கொண்ட சிலை. அவர்கள் தயங்கவில்லை. அவள் கையிலிருந்த குழந்தையைக் கண்டு, இவள் மரியாளே எனத் தெளிந்தனர் என அக்குருவின் குறிப்புக் கூறுகின்றது.

இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் குருவின்றி வாழ்ந்த அம்மக்களை முகவேறுபாடு மயக்கவில்லை. அவர்கள் அறிந்து பேணியது முகத்தையன்று. தாய்க்கும் சேய்க்குமுள்ள உறவையே. தகட்டை மிதிப்பித்த அதிகாரிகளும், பிறமுகம் பொய்முகம் என்பாரும் ஒரே தவற்றையே இழைக்கின்றனர். இருசாராரும் உருவத்தையே பொருளெனக் கொண்டனர்.

ஆகவே ஓரினம் தன் முகத்தை அன்னைக்கு அளிப்பது பொய்மையன்று. தன் முகமே புனிதமானது என வற்புறுத்தி, பிறர் முகத்துக்கு அவ்வுரிமையை மறுக்கும்போதே பொய்மை தொடங்குகின்றது. கலைஞனுக்கு மட்டுமன்றி, பல இனத்தவர் கூடி வாழும் சமுதாயம் ஒவ்வொன்றுக்கும் இவ்வுண்மை பொருந்தும்.