தங்கும் காற்று

அப்பாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து நாலாம் நாள். கட்டிலோரம் மூன்று குழல்கள் கொண்ட பிளாஸ்டிக் கருவி, குழலுக்கு ஒரு பந்து. 600, 900, 1200 என்று எண்கள். அப்பா வாயில் வைத்ததும் ஊதினார். “ஊதாதீங்க ஐயா, உறிஞ்சுங்க” என்றார் நர்ஸ். உறிஞ்சினார். முதல் பந்து நடுங்கி எழுந்தது. இரண்டாவது அசைந்து பார்த்துவிட்டு அடங்கிவிட்டது.

மூச்சை இழுக்கிறோம் என்கிறோம். உண்மையில் நாம் இடம்தான் கொடுக்கிறோம். உதரவிதானம் கீழே இறங்குகிறது, விலா விரிகிறது, நெஞ்சுக்குள் அழுத்தம் துளி குறைகிறது. வெளிக்காற்று தானே வந்து நிறைகிறது. சும்மா இருக்கையில் மூச்சை விடுவதற்கு உழைப்பே வேண்டாம். தசை தளர்ந்தால் நுரையீரல் தானாகச் சுருங்கிக்கொள்ளும்.

ஒரு சாதாரண மூச்சு சுமார் 500 மில்லி. அரை லிட்டர் பால் பாக்கெட் அளவு. அதில் ஏறக்குறைய 150 மில்லி மூச்சுக்குழாய்களிலேயே நின்று, இரத்தத்தைத் தொடாமல் திரும்பிவிடுகிறது. மேலோட்டமாக வேகவேகமாக மூச்சு வாங்குபவர் ஏன் அப்படிச் சோர்ந்துபோகிறார் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர் இரண்டாயிரம் பேருக்கு மேல் ஊதவைத்து அளந்தார். 1846இல் அதை எழுதினார். தண்ணீரில் கவிழ்ந்த பாத்திரம். ஊத ஊத அது மேலே எழும். எழுந்த உயரம்தான் கணக்கு. நெஞ்சு நிறைய இழுத்து, முடிந்தவரை ஊதிவிடும் காற்றுக்கு உயிர்ப்புத் திறன் என்று பொருள்படும் பெயரை அவர்தான் வைத்தார். ஆள் உயரமானால் அந்த அளவும் கூடுவதைக் கண்டார்.

என் மனம் நிற்பது ஊதியும் வராத காற்றில். வளர்ந்தவருக்கு அது சுமார் 1.2 லிட்டர். ஊதி அளக்கும் எந்தக் கருவிக்கும் அது பிடிபடாது. அதனால் ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிக்க வைத்து, அது எவ்வளவு நீர்த்தது என்று பார்க்கிறார்கள். குடத்தில் ஒரு கைப்பிடி உப்பைப் போட்டு, கரிப்பை வைத்துத் தண்ணீர் எவ்வளவு என்று சொல்வதைப் போல.

இரவு. அப்பா தூங்குகிறார். மூச்சு வெளியேறியதும் ஒரு சின்ன இடைவெளி. முதல் இரண்டு இரவும் அந்த இடைவெளி ஒவ்வொன்றிலும் எழுந்து உட்கார்ந்தேன். சாதாரணமாக மூச்சு விட்டு முடித்த நிலையிலும், சராசரி ஆளுக்கு உள்ளே 2 லிட்டருக்கு மேல் காற்று இருக்கும். இரத்தம் அதிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும்.

போர்வை மறுபடி எழுகிறது.