காத்திருத்தலும் சமத்துவமும்

கூட்டாகச் செல்வோரிடையே வேகமாகச் செல்பவர் மெதுவாகச் செல்பவருக்குச் செய்யவேண்டிய கடமை யாது? 'காத்து நிற்க வேண்டும்' என்பதே நம்மிற் பெரும்பாலோர் தயக்கமின்றித் தரும் விடை. அது நல்லெண்ணத்திற் பிறந்த விடைதான்; எனினும் போதுமான விடையன்று. சில வேளைகளில் அது அநீதியை மறைக்கும் திரையாகவும் அமைந்துவிடுகின்றது. இதனை விளங்கிக்கொள்ளப் பெரிய தத்துவ நூல்களை நாடவேண்டியதில்லை. பலர் சேர்ந்து துவிச்சக்கரவண்டியிற் செய்யும் நெடும்பயணத்தின் ஒரு நாளை ஆராய்ந்தாலே போதும்.

துவிச்சக்கரவண்டி தனியொருவர் மிதித்துச் செல்லும் வாகனம். ஆயினும் அதன் வரலாறு கூட்டு வாழ்வோடு பிணைந்தது. 1894 இல் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் சோஷலிஸ்டுகள் சிலர், தாம் வாசித்துவந்த 'கிளாரியன்' பத்திரிகையின் பெயரால் ஒரு சைக்கிள் கழகத்தை அமைத்தனர். பத்திரிகையையும் துண்டுப்பிரசுரங்களையும் சுமந்துகொண்டு கிராமங்களுக்குச் சென்றனர். 1896 இல் ஜேர்மனியத் தொழிலாளர் தமது சைக்கிள் சங்கத்துக்கு 'ஒருமைப்பாடு' என்றே பெயரிட்டனர். 1933 இல் நாஜிகள் அதனைத் தடைசெய்தனர். நமது அனுபவமும் குறைந்ததன்று. 1990 முதலான பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் நோயாளியையும் விறகையும் மரக்கறியையும் சுமந்தது இவ்வண்டியே. 2022 இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது தென்னிலங்கையும் அதனைத் தேடியது.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதி வழியே கண்டிக்குப் புறப்பட்ட குழுவில், ஆசிரியரும் உயர்தர வகுப்பு மாணவருமாக நாம் பதினொருவர் இருந்தோம். முதல் நாள் இலக்கு வவுனியா. ஏறக்குறைய 140 கிலோமீற்றர். பளைவரை தென்னையும் பனையும் நமக்கு அரணாக நின்றன. ஆனையிறவை அடைந்ததும் அந்த அரண் முடிந்தது. இருமருங்கும் நீரேரியும் உப்புவெளியும். வலப்பக்கத்து முன்னிருந்து சாய்வாக அறையும் சோளகம். அங்கேதான் 'வேகம்' என்பதன் உண்மைப் பொருள் புலப்படத் தொடங்குகின்றது.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப அதிகரிக்கும் என்பது பௌதிகவியல் கற்கும் மாணவர் அறிந்ததே. முன்னே செல்பவர் காற்றைக் கிழிக்க, அவர் பின்னே நெருங்கிச் செல்பவருக்குச் சுமை குறைகின்றது. மணிக்கு 30 முதல் 40 கிலோமீற்றர் வேகத்தில் அவ்வாறு செல்பவர், தாம் செலவிடவேண்டிய சக்தியில் ஐந்திலொரு பங்கு முதல் நான்கிலொரு பங்குவரை மீதப்படுத்துகின்றார். எதிர்க்காற்று வீசும்போது குறைந்த வேகத்திலும் இந்நன்மை உண்டு. ஆகவே, கூட்டத்தில் ஒருவர் வேகமாகச் செல்கிறார் என்றால், அவ்வேகத்தில் எத்தனை பங்கு பிறர் முதுகு தந்த நிழல் என்று கேட்பது நியாயமே. தனது திறமை முழுவதும் தன்னுடையதே என்று எண்ணுபவர், தமக்கு முன்னே சென்றவரை மறந்தவராவார்.

நம் குழுவிற் பின்தங்கியவன் மாணவன் ஒருவன். அவன் வலிமை குன்றியவனல்லன்; தோட்டத்தில் மண்வெட்டி பிடித்து உரமேறிய உடம்பு அவனுடையது. அவன் ஏறிவந்ததோ தந்தையார் சந்தைக்கு மரக்கறி ஏற்றும் வண்டி. பின்னே கனத்த இரும்புக் கரியர், கியர் கிடையாது. ஏனையோரிற் பலரிடம் கியர் பூட்டிய இலேசான வண்டிகள் இருந்தன. ஒவ்வொரு தரிப்பிலும் அவன் சொன்னது ஒன்றே: "நீங்கள் போங்கோ சேர், நான் பின்னாலை வாறன்." கூட்டம் ஓடிப்போகவில்லை, கொடிகாமத்திலும் பளையிலும் பரந்தனிலும் நின்று அவனை எதிர்பார்த்தது. அவன் வந்து காலை ஊன்றியதும், "சரி, எல்லாரும் வந்தாச்சு, வெளிக்கிடுவம்" என்று ஒரு குரல் எழும்.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் எல்லா வாகனங்களும் தரித்துச் செல்வது வழக்கம். அங்கே கச்சான் கொறித்துக்கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி கணக்கொன்று சொன்னாள். முன்னே வந்தவர்கள் மூன்று தரிப்பிலும் சேர்த்து ஐம்பது நிமிடம் வரை இளைப்பாறினர். கடைசியாக வந்தவனுக்குக் கிடைத்தது பத்து நிமிடமும் இல்லை. களைப்பு அதிகமானவனுக்கு ஓய்வு குறைவு. களைப்புக் குறைந்தவர்களுக்கு ஓய்வு அதிகம். இத்தனைக்கும் அவனைக் கைவிட்டவர் எவருமில்லை. எல்லோரும் காத்துத்தான் நின்றனர்!

இந்தக் கணக்கு நமது சிந்தனைக்குரியது. காத்திருத்தல் காத்திருப்பவருக்கு இரட்டை இலாபம் தருகின்றது: உடலுக்கு ஓய்வு, உள்ளத்துக்குப் பெருந்தன்மை. காக்கவைத்தவனுக்கோ இரட்டை நட்டம்: மூச்சு வாங்க நேரமில்லை, நன்றிக்கடன் வேறு.

இதற்கு மறுப்பொன்று எழலாம். 'வல்லவரை மெல்ல நடக்கச் செய்வது அவர் சுதந்திரத்தைப் பறிப்பதாகாதா?' இக்கேள்வி சைக்கிள் உலகில் நூறாண்டுகளுக்கு முன்பே எழுந்தது. 1904 இல் பிரான்சில் ஹென்றி டெகிரான்ஜ் 'ஒடாக்ஸ்' என்னும் பயண முறையை அறிமுகஞ் செய்தார். வீதித் தலைவர் வகுத்த ஒரே வேகத்தில் அனைவரும் குழுவாகச் செல்லவேண்டும், எவரும் முந்தலாகாது. பின்னர் பிணக்குத் தோன்றி, 1921 இல் பாரிஸ் ஒடாக்ஸ் கழகம் தத்தம் வேகத்திற் செல்லும் புதிய முறையை ஏற்படுத்தியது. முதல் முறை கூட்டத்தைக் காக்கின்றது. ஆனால் தலைவரின் கட்டளைக்கு அனைவரையும் ஆட்படுத்துகின்றது. இரண்டாவது தனிமனிதனை விடுவிக்கின்றது. எனினும் இருளிலும் மழையிலும் அவனைத் தனியே விட்டுவிடவும் கூடும். இரண்டாவது முறையிலும் ஓர் அறம் உண்டு. 200 கிலோமீற்றரைப் பதின்மூன்றரை மணித்தியாலத்துள் முடித்தவர் அனைவரும் சமமாகவே மதிக்கப்படுவர். முதலிடம், கடைசியிடம் என்பன இல்லை.

நாம் இவ்விரண்டில் ஒன்றை அப்படியே ஏற்கவேண்டியதில்லை. முறிகண்டியில் மாணவர் தாமே மூன்று ஏற்பாடுகளைச் செய்தனர். ஓய்வு நேரம் கடைசியாக வருபவர் இறங்கிய கணத்திலிருந்தே கணக்கிடப்படும். வலியோர் முறைவைத்து முன்னே சென்று காற்றை ஏற்பர். பாரமான வண்டி அவர்களின் பின்னே வரும். பத்துக் கிலோமீற்றருக்கு ஒருமுறை வண்டிகள் கைமாறும். மாங்குளத்துக்கு அப்பால், அந்த இரும்புக் கரியர் வண்டியை மிதித்தவர் எவராயினும் கூட்டத்தின் கடைசியில் நின்றார். இலேசான வண்டியேறிய தோட்டக்காரன் மகன் முன்னே போனான். 'மந்தம்' என்று நாம் பெயரிட்டது மனிதனிலன்றி வண்டியிலே இருந்தது என்பதற்கு வேறு நிரூபணம் வேண்டுமா?

ஆயினும் இந்த ஏற்பாட்டை மிகைப்படுத்திப் போற்றுவதும் தவறு. வவுனியாவை அடைந்ததும் வண்டிகள் உரியவரிடம் மீண்டன. ஒரு நாளின் தோழமை உடைமை உறவை மாற்றிவிடாது. அது செய்யக்கூடியது, அந்த உறவை வெளிச்சத்துக்குக் கொணர்வதே. அதை மாற்றும் வேலை வீதிக்கு வெளியே காத்திருக்கிறது.

ஆசிரியராகிய நமக்கு அவ்வேலை வகுப்பறையிலேயே தொடங்குகின்றது. 1945 இல் இலவசக் கல்வி இந்நாட்டுப் பிள்ளைகளுக்கு வீதியைத் திறந்துவிட்டது, அது பெருஞ்சாதனை. வீதி பொதுவானது, வண்டிகள் பொதுவானவையல்ல. தனியார் வகுப்பு, வீட்டில் மேசையும் வெளிச்சமும், வழிகாட்டப் படித்த பெற்றோர் என்னும் கியர்களுடன் ஒரு பிள்ளை வருகின்றது. பள்ளி விட்டதும் கடையில் நின்று உழைக்கும் பிள்ளை இரும்புக் கரியருடன் வருகின்றது. கரும்பலகையிலுள்ளதைக் கடைசிப் பிள்ளை எழுதி முடிக்கும்வரை பொறுமையுடன் நிற்கிறோம். அது பேனையைக் கீழே வைத்ததும் பலகையை அழித்து அடுத்த பாடத்துக்குப் போகிறோம். முன்னரே எழுதி முடித்தவர்களுக்குச் சிந்திக்க ஐந்து நிமிடம் கிடைத்தது. இந்தப் பிள்ளைக்கு ஒரு கணமும் கிடைக்கவில்லை. பின்பு அது சிந்திக்கத் தெரியாத பிள்ளை என்று அறிக்கையில் எழுதுகிறோம்.

அந்த ஐந்து நிமிடத்தைக் கடைசிப் பிள்ளை பேனையை வைத்த பிறகு தொடங்குவதற்கு அரசாங்கச் சுற்றறிக்கை எதுவும் தேவையில்லை. விளங்கிக்கொண்ட மாணவர் விளங்காதவர் அருகில் அமர்ந்து எதிர்க்காற்றைச் சற்றுத் தாங்குவதற்கும் எவர் அனுமதியும் வேண்டியதில்லை. வண்டிகளைச் சமமாக்கும் போராட்டம் நீண்டது; அதனை நாம் தொடரத்தான் வேண்டும். அதுவரை, இளைப்பாறும் உரிமையையாவது கடைசியாக வருபவருக்கு முதலில் வழங்குவோம்.