துயில் மருந்தும் வினைப்போகமும்

இரவெல்லாம் கண் பொருந்தாது வருந்தும் ஒருவன் மருந்துண்டு துயிலுதல் சைவ ஒழுக்கத்திற்கு மாறாகுமோ என்னும் ஐயம் அன்பர் சிலரிடை நிகழ்கின்றது. உறக்கமின்மையும் பிராரத்தத்தின் பயனே. அதனை நுகர்ந்து கழித்தலே முறை. மருந்தால் விலக்குதல் இறைவன் ஊட்டும் வினையை மறுப்பதாம் என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. பசியும் வினைப்பயனேயாயினும் அவர் உண்ணாது கிடப்பாரல்லர். நோயைக் கூட்டிய வினையே அதற்குரிய மருந்தையும் மருத்துவனையும் கூட்டுமென்று கொள்ளுதற்குத் தடை யாது?

உறக்கத்தின் இயல்பைச் சைவ நூல்கள் நுணுகி ஆராய்ந்துள்ளன. நனவில் 35 கருவிகளோடு நெற்றியில் நின்று தொழிற்படும் உயிர், கனவில் 25 கருவிகளோடு கண்டத்திலும், உறக்கத்தில் மூன்றே கருவிகளோடு இதயத்திலும் நிற்குமென்பது சித்தியாரால் அறியப்படும். உயிர்ப்பு இயங்காநிற்பவும் உறங்குவானுக்கு நுகர்ச்சியும் செயலும் இன்மை காட்டி, உயிர்க்காற்றே உயிரென்பாரை மெய்கண்டார் மறுத்ததும் இந்நிலையைக் கொண்டேயாம். ஆகவே உறக்கம் வறிதே கழியுங் காலமன்று. கருவிகள் இளைப்பாறுங் காலம். அதனை இழந்தவன் திருவைந்தெழுத்தை எண்ணப் புகினும் நெஞ்சு நில்லாது.

இனி மருந்தின் இயல்பு. 1903-ஆம் ஆண்டு செர்மனியிற் செய்யப்பெற்ற வெரோனல் முதலாகப் பார்பிட்டுரேட்டு மருந்துகள் பெருகின. அளவு மிகின் அவை உயிர்ப்பை அடக்கிக் கொல்வன. 1960-ஆம் ஆண்டு முதல் வழங்கிய பென்சோடையசிப்பீன் வகை அவற்றினும் இடர் குறைந்ததே. ஆயினும் நாடோறும் உண்பார்க்கு உடல் அதற்குப் பழகி, முன்னை அளவு போதாதாகும். (மதுவொடு சேர்ப்பாரைப் பற்றிப் பேசுதலும் வேண்டா.) விடியலிலும் மயக்கம் எஞ்சுதலின், வைகறையில் நீராடி நீறணிந்து பூசைக்கு அமர்தற்குரியவன் இரவிற் பெற்றதைக் காலையில் இழக்கின்றான். மூளையிலுள்ள பீனியற் சுரப்பி இருளில் மெலட்டோனினைச் சுரக்கும். ஒளி அதனைத் தடுக்கும். இரவு நெடிதும் கைப்பேசியொளியில் விழித்திருந்துவிட்டு மருந்தை நாடுவானுக்கு முதற்கண் வேண்டுவது மருந்தன்று. ஒரே வேளையிற் கிடந்து ஒரே வேளையில் எழும் ஒழுங்கேயாம். காலைச் சந்திக்கு நாடோறும் எழுவார்க்கு அவ்வொழுங்கு தானே வாய்க்கும்.

எனினும் இவ்வினாவின் உயிர்நிலை உண்பவன் கருத்தில் உள்ளது. மறுநாட் கடனைச் செய்தற்பொருட்டு உடலைத் திருத்துவான் ஒருவன்; பிறர்க்குத் தான் செய்த தீங்கு நெஞ்சை உறுத்த, அவ்வுறுத்தலினின்றும் தப்பவேண்டி உண்பான் மற்றொருவன். பின்னவன் வேண்டுவது இளைப்பாற்றியன்று, கேவலத்தையொத்த இருளே. அவன் அத்தீங்கிற்குக் கழுவாய் தேடுதற்குரிய விழிப்பையே விலைகொடுத்து அவிக்கின்றான். மகவை இழந்த தாய் சில இரவுகள் உண்டு துயிலின் அவளை இவனோடு ஒப்பவைத்து எண்ணுதல் கொடிது. அவள் மறைப்பது யாதுமில்லை.

நெடுநாள் உண்டு பழகியவர் இவற்றைக் கேட்டு, நோன்பென்று கருதி ஒரே நாளில் மருந்தை விடுதல் தகாது. நடுக்கமும் வலிப்பும் அதனால் நேர்தல் உண்டு. மருத்துவன் சொல்வழி நின்று சிறிது சிறிதாகக் குறைத்தலே அவர்க்குச் செயற்பாலது.